அனுப்புகிறவரே உழைக்கட்டும்

அலுவலகங்களில் வேலை பார்க்கும் நண்பர்களுக்கு,

"மெயில் பார்த்து முடிக்கவே பாதி நாள் போய்விடுகிறது" என்ற பேச்சு வங்கிக் கிளையிலும் கேட்கிறது, ஐ.டி. கம்பெனியிலும் கேட்கிறது, கல்லூரி அலுவலகத்திலும் கேட்கிறது. சலிப்பு நியாயமானதுதான். ஆனால் அந்த மெயில்களை நமக்கு அனுப்புவது நம்மைப் போன்றவர்களே; நாம் அனுப்புவதைப் பார்த்து இன்னொருவர் அதே பேச்சைப் பேசிக்கொண்டிருப்பார். ஒருவர் இரண்டு நிமிடத்தில் அவசரமாக ஒரு மெயிலைத் தட்டி முப்பது பேருக்கு அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். என்ன கேட்கிறார், யாரைக் கேட்கிறார் என்று புரிந்துகொள்ள ஒவ்வொருவருக்கும் மூன்று நிமிடம் பிடித்தால், போன நேரம் ஒன்றரை மணி. அவரே இன்னும் ஐந்து நிமிடம் உட்கார்ந்து திருத்தி, தேவைப்படும் நாலு பேருக்கு மட்டும் அனுப்பியிருந்தால் அதில் பெரும்பகுதி மிச்சமாகியிருக்கும். மின்னஞ்சலில் அனுப்புவதற்குச் செலவே இல்லை, படிப்பதற்குத்தான் செலவு. அந்தச் செலவை அனுப்புகிறவர் முன்கூட்டியே தன் உழைப்பாக ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதே இந்த மடலில் நான் சொல்ல வந்தது. சப்ஜெக்ட் எப்படி எழுதுவது, யாரை சிசியில் வைப்பது, எப்போது ஃபோனை எடுப்பது என்று பின்னால் நான் சொல்லப்போகும் எல்லாமே இந்த ஒன்றிலிருந்து வருபவை.

காகிதக் காலத்தில் இந்தக் கணக்கு வேறாக இருந்தது. தட்டச்சு இயந்திரத்தில் கார்பன் தாள் வைத்து அடித்தால் நாலைந்து படிகளுக்கு மேல் எழுத்து மங்கிவிடும். கூடுதலாக ஒருவருக்கு நகல் வேண்டுமென்றால் மறுபடியும் அடிக்க வேண்டும், உறை எழுத வேண்டும், தபால்தலை ஒட்ட வேண்டும். அந்தச் சிரமமே "இவருக்கு இது அவசியமா?" என்று யோசிக்க வைத்தது. 1971இல் ரே டாம்லின்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்கு வலையமைப்பின் வழியே செய்தி அனுப்பிக் காட்டினார். முகவரியின் நடுவே இன்றும் நாம் போடும் @ குறியைத் தேர்ந்தெடுத்தவரும் அவர்தான். ஏழே ஆண்டுகளில், 1978இல், ஒரு கணினி நிறுவனத்தின் விற்பனையாளர் அந்த வலையமைப்பில் இருந்த சுமார் 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை ஒரே நேரத்தில் அனுப்பிவிட்டார். கேட்காமல் வரும் விளம்பர மெயிலின் வரலாற்றை அங்கிருந்துதான் எழுதுகிறார்கள். நாலு பேருக்கு அனுப்புவதும் நானூறு பேருக்கு அனுப்புவதும் ஒரே உழைப்பு என்று ஆகிவிட்டது. தடை போய்விட்டால் தடுத்துக்கொள்ளும் பொறுப்பு நம் கைக்கு வருகிறது.

அந்தப் பொறுப்பை எப்படி ஏற்பது என்பதற்கு வழிமுறை வெளியிலிருந்து வர வேண்டியதில்லை. தமிழ்நாட்டு அரசு அலுவலகக் கடிதம் ஒன்றை எடுத்துப் பாருங்கள். அனுப்புநர், பெறுநர், கடித எண், நாள், அதன் கீழே பொருள், அதன் கீழே பார்வை. பொருளில் எந்தத் துறை, எந்த ஊர், எந்த வேலை, என்ன வேண்டும் என்பது கோடு கோடாகப் பிரித்துச் சொல்லப்பட்டிருக்கும். இதற்கு முன் நடந்த கடிதப் போக்குவரத்து எது என்பது பார்வையில் இருக்கும். கடைசியில் நகல் என்று போட்டு, ஒவ்வொரு பெயரோடும் "தகவலுக்காக" என்றோ "தக்க நடவடிக்கைக்காக" என்றோ குறித்திருப்பார்கள். கோப்பைத் திறக்கும் எழுத்தருக்கு அரை நிமிடத்தில் தன் வேலை என்ன என்று தெரிந்துவிடும். பள்ளியில் கடிதம் எழுதப் பழகிய எல்லோருக்கும் தெரிந்த வடிவம் இது. மெயிலுக்கு வந்ததும் நாம் இதை மறந்துவிட்டோம். சப்ஜெக்ட் கட்டத்தில் "அவசரம்", "ஒரு சந்தேகம்", "அப்டேட்" என்று போடுகிறோம். அல்லது மூன்று மாதத்துக்கு முந்தைய ஒரு மெயிலுக்குப் பதில் போடுவதுபோல் திறந்து, சம்பந்தமே இல்லாத புது விஷயத்தை எழுதி அனுப்புகிறோம். "சேலம் கிளை – 12 கணினிகள் – கொட்டேஷனுக்கு ஒப்புதல் – செவ்வாய் மாலைக்குள்" என்று சப்ஜெக்டில் எழுதினால், படிப்பவர் உள்ளே போகாமலேயே இதை இப்போது பார்ப்பதா, மதியம் பார்ப்பதா என்று முடிவு செய்யலாம். ஆறு மாதம் கழித்துத் தேடும்போதும் "சேலம்" என்று அடித்தால் கிடைக்கும். "அவசரம்" என்று தேடினால் ஐந்நூறு மெயில் வரும்.

உள்ளே எழுதுவதிலும் அதே நியாயம்தான். கேட்க வேண்டியதை முதல் இரண்டு வரியிலேயே கேட்டுவிடுங்கள். காரணமும் பின்னணியும் அடுத்து வரட்டும். நம் பழக்கம் தலைகீழாக இருக்கிறது. நடந்த கதை முழுவதையும் வரிசையாகச் சொல்லி, ஏழாவது பத்தியில், "ஆகவே தாங்கள் இதைப் பரிசீலிக்குமாறு" என்று முடிக்கிறோம். கைப்பேசியில் படிப்பவர் ஏழாவது பத்தி வரை வருவதில்லை. யார் செய்ய வேண்டும், எதைச் செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள் என்ற மூன்றும் இல்லாத மெயில் வேண்டுகோள் ஆகாது. ஆங்கிலத்தில் எழுதும்போது நம்மில் பலர் வழக்கமாகப் போடும் "கைண்ட்லி டூ த நீட்ஃபுல்" என்பதற்கு இந்த மூன்றில் ஒன்றும் தெரியாது; ஆவன செய்யச் சொல்கிறோமே தவிர, ஆவது என்ன என்று சொல்வதில்லை. ஒரு மெயிலில் ஒரு விஷயம் இருப்பது நல்லது. லீவு விண்ணப்பமும் வாடிக்கையாளர் புகாரும் ஒரே மெயிலில் போனால், முதலாவதற்குப் பதில் வரும், இரண்டாவது மறந்துபோகும். இணைப்பு அனுப்பினால் அதில் எந்தப் பக்கத்தைப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். கோப்புக்கு "இறுதி", "புதிய இறுதி" என்றெல்லாம் பெயர் வைக்காமல் தேதியை வையுங்கள். ஜிமெயிலில் 25 எம்.பி.க்கு மேல் இணைப்பாகப் போகாது. பெரிய கோப்பை டிரைவில் ஏற்றி இணைப்புச் சுட்டி அனுப்பும்போது, எதிராளிக்குத் திறக்கும் அனுமதி கொடுத்திருக்கிறோமா என்று பார்ப்பதும் அனுப்புகிறவர் வேலைதான். "அனுமதி இல்லை" என்று ஒருவர் திரும்ப எழுதி, நீங்கள் திறந்துவிட்டு மறுபடி எழுதுவதற்குள் அரை நாள் ஓடிவிடும்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு குறிப்பு உண்டு. பல அலுவலகங்களில் இன்னும் வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் ஆவணம் தயாரிக்கிறார்கள். இலங்கையில் பாமினி புழக்கத்தில் இருக்கிறது. எதிர்முனையில் அந்த எழுத்துரு இல்லையென்றால் கிடைப்பது படிக்க முடியாத குறிகள். தமிழ்நாடு அரசு 2010இலேயே யூனிக்கோடை ஏற்றுக்கொண்டுவிட்டது. யூனிக்கோடில் எழுதினால் எந்தக் கைப்பேசியிலும் திறக்கும், தேடினாலும் கிடைக்கும். பழைய ஆவணமென்றால் மாற்றியில் போட்டு மாற்றியோ, பிடிஎஃப் ஆக்கியோ அனுப்புங்கள். இருவருக்கும் தமிழ் தெரிந்து, விஷயமும் உள்ளூர் விஷயமாக இருந்து, நிறுவனமும் தடுக்கவில்லையென்றால் தடுமாறும் ஆங்கிலத்தைவிடத் தெளிவான தமிழில் எழுதுவது படிப்பவருக்குச் செய்யும் உதவி.

அடுத்து, யாருக்கு அனுப்புவது. நம் அலுவலகங்களில் அதிக சேதம் நடக்கும் இடம் இதுதான் என்பது என் கருத்து. 1997 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தில் சுமார் 13,000 ஊழியர்கள் ஒரு மெயில் பட்டியலில் இருந்தார்கள். அதில் இருப்பதைக் கண்டுபிடித்த ஒருவர் "என்னை நீக்குங்கள்" என்று அந்தப் பட்டியலுக்கே எழுதினார். "என்னையும்" என்று மற்றவர்கள் எல்லோருக்குமாகப் பதில் போட, "எல்லோருக்கும் பதில் போடாதீர்கள்" என்று இன்னும் சிலர் எல்லோருக்கும் எழுத, ஒன்றரைக் கோடி மெயில்கள் கிளம்பி நிறுவனத்தின் மெயில் சர்வர்கள் திணறிப்போயின. மெயில் மென்பொருளைச் செய்து விற்கும் நிறுவனத்திலேயே இது நடந்தது. 2016 நவம்பரில் பிரிட்டனின் தேசியச் சுகாதாரச் சேவையில் சோதனைக்காக அனுப்பிய ஒரு மெயில் சுமார் 8,40,000 ஊழியர்களுக்குப் போய், அங்கும் இதே கதைதான். ரிப்ளை ஆல் பொத்தானை அழுத்துமுன் ஒரு கேள்வி போதும்: என் பதிலால் இந்தப் பட்டியலில் யாருடைய வேலையாவது மாறுமா? "நன்றி", "சரி", "வாழ்த்துகள்" எல்லாம் ஒருவருக்குச் சொல்ல வேண்டியவை.

ரிப்ளை ஆல் நேரத்தைத்தான் தின்னும். முகவரியைத் தவறான கட்டத்தில் போட்டால் ஆளுக்கே ஆபத்து. 2015 செப்டம்பரில் லண்டனில் உள்ள ஒரு பாலியல் நல மருத்துவமனை, எச்ஐவி சேவையைப் பெறுகிறவர்களுக்கு அனுப்பிய செய்திமடலில் மற்றவர் கண்ணில் படாத பிசிசி கட்டத்தில் போட வேண்டிய முகவரிகளை வெளிப்படையான கட்டத்தில் போட்டுவிட்டது. 700க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் ஒருவருக்கொருவர் தெரிந்துபோயின. மருத்துவமனையை நடத்தும் அமைப்புக்கு 1,80,000 பவுண்டு அபராதம். 2021 செப்டம்பரில், தாலிபான் ஆட்சியைப் பிடித்த சில வாரங்களில், பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சகம் ஆப்கானிஸ்தானிலிருந்து வெளியேறக் காத்திருந்தவர்களுக்கு ஒரு மெயில் அனுப்பியது. அங்கும் அதே தவறு. 245 பேரின் முகவரிகள் எல்லோர் கண்ணிலும் பட்டன. அவர்களில் இருவர் ரிப்ளை ஆல் போட்டார்கள். ஒருவர் தான் இருக்கும் இடத்தையே அதில் எழுதிவிட்டார். பிரிட்டிஷ் ராணுவத்துக்கு வேலை செய்தவர் என்று தெரிந்தாலே உயிர் போகக்கூடிய நேரம் அது. 2023 டிசம்பரில் அமைச்சகத்துக்கு 3,50,000 பவுண்டு அபராதம் விதித்தார்கள். இந்த மெயில்களை அனுப்பிய ஊழியர்கள் கெட்ட எண்ணம் கொண்டவர்களாக இருந்திருக்க மாட்டார்கள். அவசரத்தில் வேலை பார்த்தவர்கள். நம் பள்ளிகள் பெற்றோருக்கும், மருத்துவமனைகள் நோயாளிகளுக்கும், வங்கிகள் கடன்காரர்களுக்கும் அனுப்பும் மெயில்களுக்கு இந்தப் பாடம் பொருந்தும். பிசிசியை நம்பி ஆளின் கவனத்தில் விடுவதைவிட, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போகும் மெயில் மெர்ஜ் வசதியைப் பயன்படுத்துவது பாதுகாப்பு. அதைவிட எளிய ஒரு பழக்கமும் உண்டு. முகவரியைக் கடைசியில் நிரப்புங்கள். எழுதி, இணைத்து, படித்துப் பார்த்த பிறகு முகவரி போட்டால், பாதி எழுதிய மெயில் கை தவறிப் போகாது. யாருக்கு அனுப்புகிறோம் என்பதில் கண் ஒருமுறை தனியாக நிற்கும். அனுப்பியதைத் திரும்பப் பெறும் வசதி ஜிமெயிலில் அதிகபட்சம் 30 விநாடிதான். அதை முழு 30 விநாடிக்கு அமைத்து வைக்க அமைப்புகள் பக்கத்தில் ஒரு நிமிடம் போதும்.

"சிசியைக் குறையுங்கள் என்று சொல்வது சுலபம். மேனேஜரை சிசியில் வைக்காமல் அனுப்பினால் நாளைக்கு 'எனக்கு ஏன் சொல்லவில்லை?' என்று கேட்பார். பக்கத்து டிபார்ட்மென்ட்காரர் பதிலே போட மாட்டார், அவருடைய மேலதிகாரியை சிசியில் வைத்தால்தான் அசைவார்" என்று நீங்கள் சொல்வது காதில் விழுகிறது. இது பொய்யான பயம் கிடையாது. பல அலுவலகங்களில் சிசி ஒரு கேடயமாகத்தான் பயன்படுகிறது, நாளைக்குப் பழி வந்தால் "நான் அன்றே சொன்னேன்" என்று காட்டுவதற்கு. ஆனால் அந்தக் கேடயம் வேலை செய்கிறதா என்று பாருங்கள். ஒரு நாளில் நூறு மெயிலில் சிசியாக இருக்கும் மேலாளர் எதையும் முழுதாகப் படிப்பதில்லை. எல்லாவற்றிலும் அவர் பெயர் இருப்பதால், உண்மையிலேயே அவர் முடிவெடுக்க வேண்டிய மெயிலும் அந்தக் குவியலுக்குள் போய்விடுகிறது. சொன்னதாகப் பதிவு இருக்கும், அவருக்குத் தெரிந்திருக்காது. இதற்கு அரசுக் கடிதத்தின் நகல் முறையே தீர்வு. சிசியில் வைப்பவரை ஏன் வைக்கிறோம் என்று முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்: "குமார் சார், உங்கள் தகவலுக்கு மட்டும், லதா மேடம், புதன்கிழமைக்குள் உங்கள் ஒப்புதல் தேவை." காரணம் எழுத வரவில்லையென்றால் அந்தப் பெயர் அங்கே தேவையில்லை. மேலாளருக்குத் தினசரி விவரம் வேண்டுமென்றால், வெள்ளிக்கிழமை மாலை ஒரே மெயிலில் வாரச் சுருக்கம் அனுப்பலாமா என்று கேட்டுப் பாருங்கள். நாற்பது சிசியைவிட ஒரு சுருக்கத்தை அவரும் விரும்பக்கூடும்.

சுருக்கமாக எழுதச் சொன்னால் இன்னொரு தடை வரும். "பெரியவர்களுக்கு எழுதும்போது இரண்டு வரியில் கேட்டால் மரியாதைக் குறைவாகப் படாதா?" நம் ஊர் வழக்கில் இது வலுவான கேள்வி. மரியாதைக்கு இடம் விளிப்பும் வேண்டுகோளின் தொனியும்தான். "மதிப்பிற்குரிய அம்மா, வணக்கம். கோவை ஆர்டருக்கான இன்வாய்ஸில் தங்கள் கையெழுத்து இன்று நாலு மணிக்குள் கிடைத்தால் சரக்கை இன்றே அனுப்பிவிடலாம்" என்பதில் பணிவும் இருக்கிறது, செய்தியும் இருக்கிறது. நாலு பத்திப் பணிவு, மூத்தவருடைய நேரத்தை எடுத்துக்கொள்ளும் உரிமையைக் கேட்காமலே எடுத்துக்கொள்கிறது. தொனி பற்றி நாம் எவ்வளவு தவறாகக் கணிக்கிறோம் என்பதற்கு ஓர் ஆய்வு உண்டு. 2005இல் ஜஸ்டின் க்ரூகர், நிக்கோலஸ் எப்லி முதலிய உளவியலாளர்கள், சிலரைக் கொண்டு கிண்டலான வாக்கியங்களையும் உண்மையான வாக்கியங்களையும் மின்னஞ்சலில் எழுதச் சொன்னார்கள். படிப்பவர் 78 சதவீதம் சரியாகப் புரிந்துகொள்வார் என்று எழுதியவர்கள் நம்பினார்கள். புரிந்துகொண்டது 56 சதவீதம். இரண்டில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே 50 வரும். எழுதும்போது நம் குரல் நம் காதில் கேட்டுக்கொண்டே இருக்கிறது. படிப்பவருக்கு எழுத்து மட்டும்தான் போகிறது. அதனால் அலுவலக மெயிலில் கிண்டல் வேண்டாம். குறை சொல்ல வேண்டியிருந்தால், கோபத்தில் இருந்தால், ஒரே விஷயத்துக்கு மூன்றாவது முறை பதில் போடுகிறோம் என்றால், மெயிலை மூடிவிட்டு எழுந்து போய்ப் பேசுங்கள், அல்லது ஃபோனில் கூப்பிடுங்கள். பேசி முடித்தபின் முடிவை இரண்டு வரியில் மெயிலாக அனுப்பினால் பதிவும் இருக்கும், மனவருத்தமும் இருக்காது. 1995இல் வெளியான இணைய நடத்தை விதிகளிலேயே, உணர்ச்சிவசப்பட்ட பதிலை ஓர் இரவு கழித்து அனுப்புங்கள் என்ற ஆலோசனை இருக்கிறது. முப்பது ஆண்டு ஆகியும் அதற்குத் தேவை குறையவில்லை.

"இப்போது எல்லாம் வாட்ஸ்அப்பில்தானே நடக்கிறது, மெயிலுக்கு இவ்வளவு பாடு எதற்கு?" என்று இளையவர்கள் கேட்கலாம். லிஃப்ட் வேலை செய்யவில்லை என்று சொல்ல வாட்ஸ்அப் போதும். முடிவுகளும் வாக்குறுதிகளும் மெயிலில் இருக்க வேண்டும், ஏனென்றால் மெயில் ஆவணம். 2010இல் டிரைமெக்ஸ் இன்டர்நேஷனல் – வேதாந்தா அலுமினியம் வழக்கில், முறையான ஒப்பந்தப் பத்திரம் கையெழுத்தாகாவிட்டாலும், பாக்சைட் சரக்குக்கு விலை முதலியவற்றை மின்னஞ்சலில் பேசி ஒப்புக்கொண்டதே ஒப்பந்தமாகும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. தீர்ப்பை எழுதியவர் ஈரோடு மாவட்டத்துக்காரரான நீதிபதி பி. சதாசிவம். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005, "தகவல்" எது என்று வரையறுக்கும் 2(எஃப்) பிரிவில் மின்னஞ்சலைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. ஆகவே அரசு ஊழியர் அலுவலக மெயிலில் எழுதும் ஒரு வரி, நாளை ஒரு குடிமகன் கேட்டுப் பெறக்கூடிய தகவல். தனியார் ஊழியர் "சரி, இந்த விலைக்குக் கொடுத்துவிடலாம்" என்று எழுதுவது நிறுவனத்தையே கட்டிப்போடக்கூடிய வாக்கு. அலுவலக வேலைக்குச் சொந்த மெயில் முகவரியைப் பயன்படுத்தாதீர்கள் என்று சொல்வதன் காரணமும் இதுதான். நீங்கள் மாற்றலாகிப் போனால் உங்கள் இடத்துக்கு வருபவருக்கு அந்தப் பதிவு கிடைக்காது.

மெயிலில் வரும் வார்த்தைக்கு இவ்வளவு வலு இருப்பதால்தான் மோசடிக்காரர்களும் அங்கேயே வருகிறார்கள். லித்துவேனியாவைச் சேர்ந்த ஒருவர், 2013 முதல் 2015 வரை, தைவான் நிறுவனம் ஒன்றின் பெயரில் போலி இன்வாய்ஸ்களை அனுப்பி, கூகுளிடமும் ஃபேஸ்புக்கிடமும் பத்துக் கோடி டாலருக்கு மேல் கறந்துவிட்டார். 2019இல் ஐந்து ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். கணக்குப் பிரிவில் இருப்பவர்கள் ஒரு விதியை விடவே கூடாது: வங்கிக் கணக்கு எண் மாறிவிட்டது என்று மெயில் வந்தால், அந்த மெயிலில் இருக்கும் எண்ணுக்கு அழைக்காமல், ஏற்கெனவே உங்கள் பதிவேட்டில் உள்ள எண்ணுக்கு அழைத்துக் கேட்ட பிறகே பணம் போக வேண்டும். எம்.டி. பெயரில் வந்தாலும் அப்படித்தான். ஏமாந்துவிட்டதாகத் தெரிந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள்; ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

இதுவரை அனுப்புவதைப் பேசினேன். படிப்பதிலும் நமக்குச் சில வேலை உண்டு. 2012இல் குளோரியா மார்க் தலைமையில் நடந்த ஆய்வில், அமெரிக்க ராணுவ மையம் ஒன்றில் வேலை பார்த்த 13 பேருக்கு ஐந்து நாட்கள் மின்னஞ்சலை முழுவதும் நிறுத்திப் பார்த்தார்கள். அவர்கள் ஒரே வேலையில் அதிக நேரம் தங்கினார்கள். இதயத் துடிப்பை அளந்ததில் மன அழுத்தமும் குறைந்திருந்தது. 13 பேர் சிறு எண்ணிக்கை, நம்மால் ஐந்து நாள் நிறுத்தவும் முடியாது. அதைவிடப் பயன்படக்கூடியது 2015இல் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கோஸ்டாடின் குஷ்லெவும் எலிசபெத் டன்னும் 124 பேரைக் கொண்டு செய்தது. ஒரு வாரம் நாளைக்கு மூன்று முறை மட்டும் மெயில் பார்க்கச் சொன்னார்கள், இன்னொரு வாரம் இஷ்டம்போல் பார்க்கச் சொன்னார்கள். மூன்று முறை பார்த்த வாரத்தில் அழுத்தம் குறைவு. அறிவிப்பு மணியை நிறுத்திவிட்டு, காலை வந்ததும் ஒரு முறை, மதியம் ஒரு முறை, கிளம்புமுன் ஒரு முறை பார்க்க முடிகிறதா என்று முயலுங்கள். வாடிக்கையாளர் சேவையிலோ ஆன்கால் வேலையிலோ இருப்பவர்களுக்கு இது ஆகாது. அவர்களுக்கு மெயில் பார்ப்பதே வேலை. மெயில்களை ஃபோல்டர் ஃபோல்டராகப் பிரித்து அடுக்குவதற்கு நேரம் செலவழிப்பவர்களுக்கும் ஒரு செய்தி: ஐபிஎம் நிறுவனத்தில் 345 பேரின் மெயில் தேடல்களை ஆராய்ந்து 2011இல் வெளியிட்டதில், ஃபோல்டர்களில் அடுக்கியவர்கள் பழைய மெயிலைக் கண்டுபிடிப்பதில் தேடல் கட்டத்தைப் பயன்படுத்தியவர்களைவிட மேலாக இல்லை. சப்ஜெக்டை ஒழுங்காக எழுதுகிற அலுவலகத்தில் ஃபோல்டருக்குத் தேவையே குறைந்துவிடும்.

இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் மெயில் எழுதித் தருகின்றன. ஆங்கிலம் கைகூடாதவர்களுக்கு இது பெரிய உதவி. அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. தமிழ்வழியில் படித்து வந்த ஒருவர் மொழிப் பயமில்லாமல் தன் கருத்தைச் சொல்ல முடிகிறது என்பது சின்ன விஷயமா? ஆனால் மூன்று வரிக் குறிப்பைக் கொடுத்து நாலு பத்தியாக ஊதச் சொல்வதும், எதிர்முனையில் இருப்பவர் அதை இன்னொரு கருவியிடம் கொடுத்து மூன்று வரியாகச் சுருக்கிக்கொள்வதும் நடக்கத் தொடங்கியிருக்கிறது. நடுவில் ஒரு தேதியோ தொகையோ தவறிப்போனால் பொறுப்பு கருவிக்கு வராது. அந்த மூன்று வரியையே அனுப்பிவிடலாம். கருவியிடம் எழுத்துப் பிழையைத் திருத்தச் சொல்லுங்கள், சுருக்கச் சொல்லுங்கள். வாடிக்கையாளரின் ரகசிய விவரங்களை மட்டும் அதில் ஒட்டாதீர்கள்.

கடைசியாக, குழுவுக்குத் தலைமை வகிப்பவர்களுக்கு. நான் மேலே சொன்னதில் பெரும்பாலானவற்றைக் கீழே இருப்பவர் தனியாகச் செய்ய முடியாது. இரவு பதினோரு மணிக்கு நீங்கள் அனுப்பும் மெயிலுக்கு "நாளைக்குப் பார்த்தால் போதும்" என்று மனத்தில் நினைத்திருப்பீர்கள். பெறுகிறவருக்கு உங்கள் பெயர்தான் தெரியும், நினைப்பு தெரியாது. பிரான்சில் 2017 ஜனவரி முதல், 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனங்கள் வேலை நேரத்துக்குப் பிறகு தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை பற்றி ஊழியர்களோடு பேசியாக வேண்டும். ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டில் அதே போன்ற உரிமை அமலுக்கு வந்திருக்கிறது. இங்கே 2018 இறுதியில் மக்களவை உறுப்பினர் சுப்ரியா சுலே கொண்டுவந்த தனிநபர் மசோதா சட்டமாகவில்லை. சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. எந்த மெயிலுக்கு எத்தனை மணி நேரத்தில் பதில் எதிர்பார்க்கிறீர்கள் என்பதை உங்கள் குழுவுக்கு ஒரு முறை எழுதிக் கொடுக்கலாம். உண்மையான அவசரமென்றால் ஃபோனில் அழைப்பேன், மெயில் அனுப்பினால் அது அடுத்த வேலை நாளுக்கு என்று சொல்லிவிட்டால், இரவில் கைப்பேசியை எடுத்து எடுத்துப் பார்க்கும் பத்துப் பேர் தூங்குவார்கள். இரவில்தான் உங்களுக்கு எழுத நேரம் கிடைக்கிறதென்றால் எழுதுங்கள். ஜிமெயிலிலும் அவுட்லுக்கிலும் அனுப்பும் நேரத்தைக் குறித்துவைக்கும் வசதி இருக்கிறது. காலை ஒன்பதரைக்குப் போகும்படி வைத்துவிடுங்கள்.

அன்புடன்,
மின்னஞ்சலோடு வேலை பார்க்கும் உங்கள் சக ஊழியர்